இருபதில் ஏழு

துறைமுகத்தில் ஜெயவேலுக்குக் கையால் பேசுகிற வேலை. கப்பலின் மேல்தளத்தில், கிடங்கு வாயின் விளிம்பில் நிற்பான். கீழே கிடங்கில் எட்டு ஆட்கள் பர்மா அரிசி மூட்டைகளைக் கயிற்று வளையத்தில் அடுக்கிக் கொக்கியில் மாட்டுவார்கள். அந்த வளையத்துக்கு அங்கே சிலிங் என்று பெயர். அதைத் தூக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுகிறவன் இருக்கும் இடத்திலிருந்து கிடங்கு தெரியாது. ஜெயவேலின் கை ஒன்றுதான் தெரியும். விரல் வட்டமிட்டால் தூக்கு, உள்ளங்கை கவிழ்ந்தால் இறக்கு, முஷ்டி மடங்கினால் நில். இந்த வேலை செய்கிறவனைக் கைகாட்டி என்பார்கள். அவன் கை ஒரு நொடி தவறினால் பத்து மூட்டை அரிசி கீழே நிற்பவர்களின் தலையில் இறங்கும்.

காசிமேட்டில் பிறந்தவன். அப்பா கப்பலுக்குக் கரி சுமந்து, நெஞ்சில் கரி கட்டியே செத்தார். பதினான்கு வயதில் ஜெயவேல் கப்பல் ஏறினான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில்கூட அவன் ஓடவில்லை. "கப்பல் வந்துகினுதானே இருந்துச்சு? அத்த யாரு எறக்கறது?" என்பான். கெங்கம்மாவைக் கட்டிக்கொண்டது அதற்கு அடுத்த வருஷம். அவள் காசிமேட்டுக் கரையில் கருவாடு காயவைப்பவள். எனக்கு அவர்களைத் தெரியவந்த 1953-இல் அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

நான் அப்போது சரக்கு இறக்கும் ஒரு கம்பெனியில் புள்ளிவிவர குமாஸ்தா. செய்யாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ராயபுரத்தில் துறைமுக வாசலுக்கு வெளியே கம்பெனியின் தகரக் கொட்டகை இருந்தது. அதன் ஒரு மூலையில் எனக்கு மேஜை போட்டிருந்தார்கள். காலை ஆறரைக்கு மேஸ்திரி அந்தக் கொட்டகை வாசலில் நின்று அன்றைய கைகாட்டியின் பெயரைக் கூப்பிடுவார். கிடங்கில் இறங்கும் ஆட்களுக்குச் சம்மதமென்றால் தலையில் கட்டிய துண்டு அப்படியே இருக்கும். சம்மதமில்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். மேஸ்திரி வேறு பெயர் கூப்பிட்டே ஆகவேண்டும். உயிரைக் கொடுத்து நிற்பவர்கள் அவர்கள் என்பதால் கம்பெனியும் இந்த வழக்கத்தில் கை வைத்ததில்லை.

அந்த வருஷம் பொங்கலிலிருந்து பங்குனிக் கடைசி வரைக்கும் எங்கள் கம்பெனி வேலையில் இருபது தடவை சிலிங்கிலிருந்து மூட்டை நழுவி விழுந்தது. கைகாட்டிகள் ஆறு பேர். ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே அளவு நாட்கள் நின்றவர்கள். ஆனால் இருபதில் ஏழு ஜெயவேலின் கைக்குக் கீழே விழுந்தது. ஏழாவது விழுந்தபோது ரோஷன் என்கிற ஆளின் தோள்பட்டை நொறுங்கிவிட்டது. அவன் இனி மூட்டை தொட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் ஜெயவேலின் பெயரைக் கூப்பிட்டதும் மூன்று பேர் துண்டை அவிழ்த்தார்கள். அதற்கடுத்த நாள் ஐந்து பேர்.

மேனேஜர் தவசிமுத்து என்னைக் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர், கம்பெனி முதலாளிக்குச் சொந்தம்.

"தம்பி, அவனுக்கு ராசியில்லன்னு ஆளுக சொல்லுதாங்க. ராசி கீசியெல்லாம் நான் நம்புதவன் இல்ல. ஆனா நாளைக்கு ஒருத்தன் செத்தா நான்லா பதில் சொல்லணும்? நீரு படிச்ச புள்ள. பாத்துச் சொல்லும், இது தற்செயலா இல்லையான்னு."

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே நான் படித்தேன் என்று எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. வழி தெரிந்த கணக்குதான். முதலில் ஜெயவேலின் கட்சியை எடுத்துக்கொள்ள வேண்டும். அவனுக்கும் மற்ற ஐவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, விழுந்ததெல்லாம் குருட்டுத்தனமாக விழுந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் அவன் பங்குக்குச் சராசரியாக மூன்று, மூன்றரை வரலாம். ஏழோ அதற்கு மேலோ வருவது எவ்வளவு அபூர்வம் என்று அடுத்துப் பார்க்க வேண்டும். இருபது முறைக்கு ஒரு தடவைகூட நடக்காத அளவுக்கு அபூர்வம் என்றால், எடுத்துக்கொண்ட கட்சியைக் கைவிடலாம். இது வழக்கமாக வைக்கிற எல்லை. எனக்கு வந்த விடை, இருபத்தேழில் ஒரு தடவை. எல்லையைத் தாண்டிய அபூர்வம்.

'தற்செயல் என்று சொல்வதற்கில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே பட்டத்தையும் எழுதினேன்.

அன்றோடு மேஸ்திரி ஜெயவேலின் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவன் தினமும் வருவான். சுவரோரம் நிற்பான். எல்லோரும் வாசலுக்குள் போனபிறகு திரும்பிப் போவான். என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நான்தான் அந்த நேரத்தில் தலை நிமிராமல் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்துக் கெங்கம்மா வந்தாள். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"நீதான் எய்திக் குட்தியா நைனா?"

நான் கணக்கைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"கணக்கு கெடக்குது. எங்க வூட்ல இன்னா நடக்குது தெர்யுமா? கொயந்தய தூக்கமாட்டேங்குது அந்த மன்சன். 'எடுத்தா கீய உட்ருவேன்'னு கைய பின்னால கட்டிக்கினு நிக்குது. அது நைனா நைனான்னு கத்திக்கினே கீது. பானையில தண்ணி மொள்ள சொன்னாகூட பயப்படுது."

கொட்டகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தணிந்த குரலில், "இருபதில் ஏழு அவருக்கு வந்திருக்கிறது, அம்மா. அது சும்மா வராது" என்றேன்.

"சரி, அந்த ஏயு ரகுபதிக்கு வந்திருந்தா?"

ரகுபதி மற்றொரு கைகாட்டி. "ரகுபதியைத்தான் எழுதியிருப்பேன்" என்றேன்.

"வேற ஒர்த்தனுக்கு வந்திருந்தா?"

"அவரை."

"அப்ப யாருக்கு வந்திருந்தாலும் அவன புட்ச்சிருப்ப. யாரோ ஒர்த்தனுக்கு ஜாஸ்தியா வராம இருக்குமா? என் வூட்டுக்காரன்கிட்ட நீ தனியா இன்னாதான் கண்டே?"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே வேறு. ஏழு விழுந்தவனைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு அவனைச் சுட்டி, இவனுக்கு ஏழு விழுவது அபூர்வமா என்று கேட்டேன். ஆறு பேரில் யாராவது ஒருவனுக்கு ஏழு விழுவது அபூர்வமா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அறையில் உட்கார்ந்து ஆறு முகமுள்ள பகடைக் கட்டையை உருட்டினேன். ஒரு முகம் ஒரு கைகாட்டி. இருபது உருட்டு ஓர் ஆட்டம். மொத்தம் நாற்பது ஆட்டம். கட்டைக்கு ராசியும் கிடையாது, கவனக்குறைவும் கிடையாது. ஆனாலும் ஒன்பது ஆட்டங்களில் ஏதாவது ஒரு முகம் ஏழோ அதற்கு மேலோ விழுந்தது. ஐந்தில் ஒன்று! நான் இருபத்தேழில் ஒன்று என்று எழுதி ஒரு மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன்.

திங்களன்று தவசிமுத்துவிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்கு இல்லன்னீரு, இன்னைக்கு ஆமாங்கீரு. ஆளுக துண்ட அவுத்தா நான் என்னவே செய்ய முடியும்? அவங்ககிட்ட போய் நீரே சொல்லும்."

சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில், கிடங்கு ஆட்கள் எட்டு பேரும் கைகாட்டிகளும் இருந்த இடத்தில். கிடங்கு ஆட்களுக்குள் பேச்சு எடுபடுகிறவன் குணசேகரன். பெருத்த தோள், சதா கிண்டல். கட்டை உருட்டிக் காட்டுகிறேன் என்றேன். அவன் மடியிலேயே லங்கர் கட்டை இருந்தது. நங்கூரம், கிரீடம், சீட்டுக்கட்டின் நான்கு ஜாதி என்று ஆறு முகமும் ஆறு படம் போட்ட சூதாட்டக் கட்டை.

"இன்னா சார், காலேஜ்ல இத்தானா சொல்லிக் குட்தாங்க? தெரிஞ்சிருந்தா நானும் படிச்சிருப்பேனே" என்று சொல்லிக் கட்டையைக் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆறு கைகாட்டிகளுக்கும் ஆறு படம் பிரித்தேன். ஜெயவேலுக்கு நங்கூரம், ரகுபதிக்குக் கிரீடம். குணசேகரனையே உருட்டச் சொன்னேன். முதல் ஆட்டத்தில் எதுவும் ஐந்தைத் தாண்டவில்லை. இரண்டாவதில் இஸ்பேட் ஆறு தடவை விழுந்தது. மூன்றாவதில் கிரீடம் விழுந்தது, மறுபடி விழுந்தது, திரும்பத் திரும்ப விழுந்தது. இருபதுக்கு எட்டு.

"பார்த்தீர்களா?" என்றேன் உற்சாகமாக. "யாரும் ஒன்றும் செய்யாமலே ஒருத்தன் பேரில் எட்டு! இதைத்தான் சொல்கிறேன்."

குணசேகரன் கட்டையைக் கீழே வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். எல்லோரும் ரகுபதியைப் பார்த்தார்கள். ரகுபதியின் முகத்தில் ரத்தம் இல்லை.

"இன்னா மாமு அப்டி பாக்கறே?" என்றான் ரகுபதி. "கட்டதானே அது?"

"கட்டதான்" என்றான் குணசேகரன். ஆனால் எழுந்து போய்விட்டான்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. மறுநாள் காலையில் புரிந்தது. மேஸ்திரி ரகுபதியின் பெயரைக் கூப்பிட்டார். எட்டுத் துண்டும் அவிழ்ந்தது. நான் கட்டையை உருட்டச் சொன்னது தற்செயலைக் காட்ட. அவர்கள் அதில் குறி பார்த்துவிட்டார்கள். ஜெயவேலைப் பிடித்திருந்த சனி ரகுபதிக்கு இடம் மாறிவிட்டது என்று கட்டை சொல்லிவிட்டதாம்.

மேஸ்திரி தயங்கி, "ஜெயவேலு" என்று கூப்பிட்டார்.

எல்லோரும் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார்கள். ரகுபதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

ஜெயவேல் சுவரோரத்திலிருந்து வந்தான். வாசல் இரண்டு அடி தூரத்தில் இருந்தது. மூன்று வாரமாக அவன் காத்துக்கிடந்தது இந்த அழைப்புக்குத்தான். பேசாமல் உள்ளே போயிருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும்தான்.

"வேணாம்" என்றான். "கட்ட சொல்லிச்சுன்னு என்ன சேத்துக்கினா, நாளிக்கு கட்ட சொல்லிச்சுன்னு அப்பால தள்ளுவீங்க. அவன் இன்னா பண்ணான்? சொம்மா குந்திக்கினு இருந்தான். எனக்குதானே ஏயு வுயுந்துச்சு? என்னயே வெச்சி பாருங்க. புச்சா எண்ணுங்க. ரெண்டு பேரும் நிக்கறோம்."

குணசேகரன் சீறினான். "பாக்கறதுக்கு நாங்கதானே கீய நிக்கணும்? உன் ராசிய கண்டுபுடிக்க எங்க மண்டையா கெட்ச்சுது?"

அவன் கேட்டது நியாயம்.

கடைசியில் தவசிமுத்து முடிவு செய்தார். ஆறு கைகாட்டிகளையும் முறை வைத்து நிறுத்தி, இனி விழப்போகும் இருபதை மட்டும் எண்ணுவது. பழைய இருபது சேராது. இந்தத் தடவை ஜெயவேலின் பெயரை முன்கூட்டியே எழுதிக்கொண்டாயிற்று. ஆகவே ஏழு என்கிற எல்லை இப்போது நியாயமான எல்லை. ஏழோ அதற்கு மேலோ அவனுக்கு வந்தால் நிரந்தரமாக நீக்கம். ஆறுக்குள் நின்றால் துண்டை அவிழ்க்கக் கூடாது. எது விழுதல் என்பதையும் எழுதினோம். ஒரு மூட்டையாவது வளையத்தைவிட்டுக் கழன்று விழ வேண்டும். சாய்ந்தது, உரசியது எல்லாம் சேராது. பின்னால் யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்று எட்டு பேரும் கைநாட்டு வைத்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தவசிமுத்துவிடம் சொன்னேன். ஜெயவேல் உண்மையிலேயே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஆபத்தானவன் என்று வைத்துக்கொண்டாலும், ஏழு என்று போட்ட இந்த வேலிக்குள் அவன் தப்பி வந்துவிடுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. வேலியைக் குறுக்கினால் நல்லவன் மாட்டுவான். அகட்டினால் ஆபத்து உள்ளே வரும். நூறு விழும்வரை எண்ணினால் நன்றாகத் தெரியும்.

"நூறு விழுறதுக்குள்ள எத்தன பேரு சாவான்?" என்றார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார். என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

சித்திரையில் தொடங்கியது. கப்பல் பக்கம் கூச்சல் கேட்டால் போதும், பேனா என் கையிலிருந்து நழுவும். தகரக் கூரையில் காக்கை உட்கார்ந்தாலும் திடுக்கிடுவேன். சில நாட்கள் மேல்தளத்துக்கே போய் நின்று பார்த்தேன். ஜெயவேல் முன்போல் இல்லை. ஒவ்வொரு சிலிங்கையும் ஒரு முழம் தூக்கி, நிறுத்தி, எட்டிப் பார்த்து, அப்புறம்தான் விரலைச் சுழற்றுவான். அப்போதெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருக்கும். சாமி பெயரா, எண்ணிக்கையா, நான் கேட்டதில்லை. கீழே எட்டு பேரும் சிலிங் தலைக்கு மேலே போகும்வரை சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். மூட்டை அடுக்கும்போது வழக்கமாகப் பாடும் பாட்டை ஒருவனும் பாடுவதில்லை.

ஆனி மாதத்தில் ஒன்பது விழுந்திருந்தது. அதில் நான்கு ஜெயவேலுக்கு.

தவசிமுத்து கொட்டகைக்கே வந்துவிட்டார். "போதும்வே. ஒம்பதுக்கு நாலு. இதுக்கு மேல என்ன வேணும்? இன்னைக்கே நிறுத்திருதேன்."

அந்த ஒன்பதோடு கணக்கை முடித்தால் அவர் சொல்வதுதான் சரி போலத் தோன்றும். ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தி எண்ணினால் எவனையும் குற்றவாளி ஆக்கிவிடலாம். "இருபது என்று எழுதியிருக்கிறோம், ஐயா" என்றேன். "நடுவில் நிறுத்தினால் நான் முதலில் செய்த தப்பையே மறுபடி செய்வதாகும்."

"எவனாவது செத்தா?"

"என் கையெழுத்து இருக்கிறது" என்றேன். நான் சரியென்றால் ஒருவனின் பிழைப்பு தப்பும். தப்பென்றால் கிடங்கில் ஒரு பிணம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமலே காத்திருப்பதைத்தான் கல்லூரியில் சோதனை என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பத்தாவது ரகுபதிக்கு. பதினொன்று, பன்னிரண்டு வேறு ஆட்களுக்கு. பதினாறாவதில் இரண்டு மூட்டை விழுந்து ஓர் ஆளின் கால் விரல் நசுங்கியது. கைகாட்டி யார் என்று விசாரித்தேன். ஜெயவேல் இல்லை. பிறத்தியான் விரல் நசுங்கியதற்கு நெஞ்சு ஆறிய அந்தக் கணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஆவணியில் இருபதாவது விழுந்தது. ஜெயவேலுக்கு மொத்தம் நான்கு. ஆனிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ரகுபதிக்கு மூன்று.

காகிதத்தில் எழுதி ஜெயவேலிடம் படித்துக் காட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே கேட்டான்.

"அப்ப எனக்கு ராசி கீதுன்னு எய்திக் குட்றியா சார்? கெங்கம்மாகிட்ட காட்டணும்."

"அப்படி எழுத முடியாது, ஜெயவேல்."

"ஏன்?"

"உன்மேல் சொன்ன குற்றத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் எழுதலாம். குற்றமே இல்லை என்று இந்தக் கணக்கால் சொல்ல முடியாது."

அவன் முகம் வாடிவிட்டது. "நாலு மாசம் உசுர கைல புட்ச்சிக்கினு நின்னேன். இத்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. முதலில் எழுதிய பொய் போதுமென்று விழுங்கினேன்.

"அப்ப நான் இன்னா சார்?" என்றான்.

"ஆறு பேரில் ஒருத்தன்."

அவன் அதை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பவன்போல நின்றுவிட்டுப் போனான்.

அடுத்த நாள் வந்த கப்பலில் நானும் மேல்தளத்தில் இருந்தேன். மணி பதினொன்று இருக்கும். ஜெயவேல் விரலைச் சுழற்றினான். சிலிங் பாதி ஏறியபோது கயிற்றின் ஒரு புரி தெறித்தது. முஷ்டியை மடக்கினான். வின்ச் நின்றது. ஆனால் ஓரத்து மூட்டை மெல்லச் சரிந்து, வளையத்தைவிட்டுக் கழன்று கிடங்குக்குள் போயிற்று. அடியில் இடிபோல் ஒரு சத்தம். அரிசித் தூசி புகைபோல மேலே வந்தது.

கீழேயிருந்து ஒரு குரலும் இல்லை. ஜெயவேலின் முஷ்டி மடங்கியபடியே நின்றது. அவன் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க அவனால் முடியவில்லை. நான்தான் விளிம்பில் மண்டியிட்டுத் தூசிக்குள் தலைகளை எண்ணினேன். ஐந்து. ஆறு. ஏழு. எட்டாவது தலை தெரியவில்லை.

மூட்டைக்குப் பின்னாலிருந்து இருமிக்கொண்டே குணசேகரன் எழுந்தான். முகமெல்லாம் வெள்ளையாக, கண் மட்டும் தெரிந்தது. மேலே பார்த்தான். மற்ற ஏழு பேரும் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவன் வாயைப் பார்த்தார்கள்.

"டேய் ஜெயவேலு! கயிறு கலீஜா கீது, வேற கயிறு போட சொல்லு!" என்று கத்தினான். "சிலையாட்டம் நிக்கறியே, கைய எறக்குடா. மீதிய யாரு எறக்குவா, உங்க மாமனாரா?"

ஜெயவேல் முஷ்டியைப் பிரித்தான். விரல்கள் உடனே நிமிரவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டு, வேறு கயிறு வரும்வரை அங்கேயே நின்றான். வந்ததும் உள்ளங்கையைக் கவிழ்த்தான். கொக்கி கீழே இறங்கியது.